தீவாந்தரம் விதிக்கப்பட்ட கதைசொல்லி: கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்

கராச்சர்மா:

1945-ம் வருஷம் மே மாதம் 3-ந் தேதி. தமிழ்நாடே எதிர்பார்த்துக் கொண்டிருந்த ஒரு வழக்கில் சென்னை ஹைகோர்ட்டில் தீர்ப்புச் சொல்லப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களில் இருவரைத் தெரியாத தமிழர் அன்று இல்லை. ஒருவர், பாட்டால் ஜனங்களைக் கட்டிப்போட்ட எம்.கே.தியாகராஜ பாகவதர். மற்றவர், சிரிப்பால் கட்டிப்போட்ட என்.எஸ்.கிருஷ்ணன். இருவருக்கும் விதிக்கப்பட்ட தண்டனை: ஆயுள் முழுவதும் தீவாந்தரம்.

தீவாந்தரம் என்றால் என்ன என்று மற்ற ஊர்க்காரர்கள் அகராதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அந்தத் தீவில்தான் நாம் குடியிருக்கிறோம். கராச்சர்மாவிலிருந்து பஸ் ஏறினால், அந்தச் சொல்லுக்குச் சுவர் எழுப்பிய செல்லுலார் ஜெயில் சில கிலோ மீட்டர் தூரத்தில் நிற்கிறது. கட்டி முடித்த ஆண்டு 1906. தேசிய நினைவுச் சின்னம் ஆனது 1979-ல்.

ஆனால் கிருஷ்ணன் இங்கே வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. 1942 மார்ச் மாதமே ஜப்பானியர் அந்தமானைப் பிடித்து விட்டார்கள். பிரிட்டிஷார் திரும்பி வந்தது 1945 அக்டோபரில். தீர்ப்புச் சொன்ன அன்று, சொன்னவர்கள் கையில் அந்தத் தீவு இல்லை! பிரிட்டிஷார் திரும்பிய கையோடு கைதிக் குடியேற்றமும் எடுபட்டது. சட்டப் புத்தகத்தில் மட்டும் மிச்சமிருந்த தண்டனையை அந்த இருவரும் தாய்நாட்டுச் சிறையிலேயே அனுபவித்தார்கள்.

அந்தமானுக்கு அனுப்பப்படாத அந்த மனிதரைப் பற்றி அந்தமான் தமிழர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவரை நாம் நடிகர் என்றே நினைத்துக் கொண்டிருக்கிறோம். அவர் முதலில் ஒரு கதைசொல்லி. நடிப்பு அதன் பிறகு வந்தது.

சோடா, கலர் விற்ற சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29-ந் தேதி கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். ஏழைக் குடும்பம். படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். மாலையானால் நாடகக் கொட்டகையில் சோடா, கலர், தின்பண்டம் விற்றார். விற்றுக்கொண்டே நாடகம் பார்த்தார்.

பெற்றோரின் பெயர்களைக் கவனியுங்கள். சுடலை, இசக்கி. இரண்டும் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் ஊர்தோறும் பீடம் உள்ள தெய்வங்கள். கோயில் கொடை என்றால் அங்கே வில்லுப்பாட்டு உண்டு. சுடலைமாடன் கதையும் இசக்கியம்மன் கதையும் விடிய விடிய நடக்கும். நீண்ட வில்லில் மணி கட்டி, அதைக் குடத்தோடு சேர்த்துப் பிடித்து, வீசுகோலால் தட்டிப் பாடுவார்கள். உடுக்கும் ஜால்ராவும் கூடச் சேரும். தலைவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். கேட்கிறவனும் மனதுக்குள் 'ஆமா' போடுவான்.

அந்த மண்ணில் பிறந்த பையனுக்கு, கதையை எப்படி எடுப்பது, எங்கே நிறுத்துவது, கூட்டம் தூங்கப்போகும் நேரத்தில் எப்படித் தட்டி எழுப்புவது என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகாமலே வந்து விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ந் தேதி. அதற்குப் பின் கிருஷ்ணன் ஒரு வருஷம்கூட உயிரோடு இல்லை. ஆக, தமிழகம் முழுவதையும் சிரிக்க வைத்தவர் பிறப்பால் நம்மைப் போல ஒரு வெளி மாநிலத் தமிழரே!

வில்லில் ஏறிய காந்தி

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் சேர்ந்த பிறகு கிருஷ்ணன் வேஷம் கட்டினார், பாடினார், ஆட்களைச் சிரிக்க வைத்தார். 1930-களின் தொடக்கம், சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்த காலம். அந்தக் கம்பெனியின் 'தேசபக்தி' நாடகத்தில் கிருஷ்ணன் ஒரு புதுமை செய்தார். சுடலைமாடன் கதை பாடும் வில்லில் காந்தி மகான் கதையைப் பாடினார்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். வில்லுப்பாட்டு கோயிலுக்கு உரியது, தெய்வக் கதைக்கு மட்டுமே என்றிருந்த நாளில், உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் கதையை அதில் ஏற்றுவது துணிச்சலான காரியம். பத்திரிகை படிக்கத் தெரியாத ஜனங்கள் காந்தியைக் காதால் தெரிந்துகொண்டார்கள். 1951 சென்சஸ் கணக்கிலேகூட, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். அதற்கு 20 வருஷம் முந்திய நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. எழுத்து போய்ச் சேராத இடத்துக்கு வில் போய்ச் சேர்ந்தது.

பிற்காலத்தில் வில்லிசை என்றாலே நினைவுக்கு வந்த பெயர் சுப்பு ஆறுமுகம். நெல்லைச் சீமைப் பிள்ளையான அவரை அடையாளம் கண்டு சென்னைக்கு அழைத்து வந்து வளர்த்தவர் கிருஷ்ணன்தான். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மறு வருஷம் அவர் காலமானார். கிருஷ்ணன் ஊன்றிய விதை, அவர் மறைந்து 65 வருஷத்துக்குப் பிறகும் காய்த்துக் கொண்டிருந்தது.

படத்துக்குள் ஒரு தனிக் கதை

கிருஷ்ணன் நடித்து முதலில் திரைக்கு வந்த படம் 'மேனகா' (1935). எம்.ஜி.ஆர். அறிமுகமான 'சதி லீலாவதி'யிலும் (1936) அவர் இருந்தார். 'வசந்தசேனா' படத்துக்காகப் புனா சென்றபோது டி.ஏ.மதுரத்தைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு திரையிலும் வாழ்க்கையிலும் ஜோடியாக்கியது. கிருஷ்ணன் - மதுரம் பெயர் சுவரொட்டியில் இருந்தால் கொட்டகை நிறையும் என்ற காலம் வந்தது.

அந்தக் காலப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கதாநாயகன் கதை ஒரு பக்கம் போகும், கிருஷ்ணன் கதை ஒரு பக்கம் போகும். பல படங்களில் இரண்டுக்கும் சம்பந்தமே இராது. தம் பகுதிக்கு வேண்டிய கதை, வசனம், பாட்டு, ஆட்கள் எல்லாவற்றையும் தாமே தயார் செய்து கொடுப்பார். ராஜா ராணிக் கதைக்கு நடுவே குடியின் கேடு வரும், மூட நம்பிக்கை வரும், கணவன் மனைவி சண்டை வரும். படம் பார்க்க வந்தவன் ராஜாவைப் பார்த்து வியந்து, கிருஷ்ணனைப் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டு வீட்டுக்குப் போனான்.

அவரை 'இந்தியாவின் சார்லி சாப்ளின்' என்பார்கள். மரியாதைக்காகச் சொல்வது, அவ்வளவுதான். சாப்ளின் பேசாமல் உலகைச் சிரிக்க வைத்தவர். கிருஷ்ணனின் சரக்கு பேச்சு. பேச்சை எடுத்துவிட்டால் கிருஷ்ணன் இல்லை.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. பாகவதர் கதாநாயகன், கிருஷ்ணனும் மதுரமும் சிரிப்புக்கு. சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது. ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறைக்குப் போய் விட்டார்கள்.

சிறையும் மதுரமும்

சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதிப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் என்பவர் 1944 நவம்பர் 8-ந் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் இறந்தார். பாகவதர், கிருஷ்ணன், கோவைப் பட முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும், மேலே சொன்ன தீவாந்தர தண்டனை. ஹைகோர்ட்டு அப்பீலும் தள்ளுபடியாயிற்று. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போனது.

வழக்கு நடத்தப் பணம் வேண்டும். நம்பியிருந்த நாடகக் குழுவினருக்குச் சோறு வேண்டும். அந்தப் பாரத்தைச் சுமந்தவர் மதுரம். என்.எஸ்.கே. நாடக சபையைக் கலையாமல் காப்பாற்றினார். எஸ்.வி.சகஸ்ரநாமம் உடன் நின்று நிர்வாகம் பார்த்தார். விதவை மறுமணத்தை வலியுறுத்தும் 'பைத்தியக்காரன்' படம் அந்த முயற்சியில் உருவாயிற்று. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியதும், மறு விசாரணையில் 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். வெளியே வந்த கிருஷ்ணனுக்கும் 'பைத்தியக்கார'னில் ஒரு வேஷம் சேர்க்கப்பட்டது.

வெளியே வந்த இருவரின் பிற்கால வாழ்க்கை இரண்டு விதமாகப் போயிற்று. பாகவதரின் பழைய புகழ் திரும்பவில்லை. 1959-ல் அவர் காலமானார். கிருஷ்ணனோ விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். கலைவாணர் என்ற பட்டத்தை நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் கையால் பெற்றதும் அதே 1947-ல்தான். இருவரும் ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே சிறைக் காலம். பாட்டுக்குக் குரலும் வயதும் ராசியும் வேண்டும் போலும். கதை சொல்கிறவனுக்குத் தான் பட்ட அடியும் முதல்தான்.

நந்தன் நடந்தான், கிந்தன் ரயிலேறினான்

கிருஷ்ணனின் கதைத் திறமைக்கு ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் 'கிந்தனார்' காலட்சேபத்தைச் சொல்ல வேண்டும். மேடையிலும், 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அவர் நடத்திய கதை இது. பாட்டுக்கள் உடுமலை நாராயண கவி. படத்துக்குக் கதை வசனம் சி.என்.அண்ணாதுரை. 1936-ல் வந்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற ஹாலிவுட் படத்தைத் தழுவி எழுதப்பட்டது. கிந்தனார் மட்டும் எங்கிருந்தும் தழுவியதல்ல. நம் வீட்டுச் சொத்தைத் திருப்பிப் போட்டது.

நந்தனார் சரித்திரம் எல்லோருக்கும் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியார் பாடியது. பண்ணையில் வேலை செய்யும் நந்தனுக்குச் சிதம்பரம் போய்த் தில்லை நடராஜரைத் தரிசிக்க ஆசை. ஆண்டை விடமாட்டார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நந்தன் ஏங்குகிறான். கடைசியில் போகிறான். தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் சந்நிதி கிடைக்கிறது. பாகவதர்கள் பட்டு வேஷ்டி கட்டி, சப்ளாக்கட்டை தட்டி இதைச் சொல்லச் சொல்லக் கண்ணீர் விட்ட கூட்டம் உண்டு. கண்ணீர் விட்ட பிறகு, தன் ஊர்ச் சேரிப் பையனைப் பள்ளிக்கூடத்துத் திண்ணையில் ஏறவிடாத கூட்டமும் அதுவே.

கிருஷ்ணன் அதே காலட்சேபத்தை எடுத்தார். அதே சப்ளாக்கட்டை, அதே பின்பாட்டு, அதே பக்திக் குரல். ஆள் மட்டும் கிந்தன். மாடு மேய்க்கும் ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன். அவனுக்குச் சிதம்பரத்தின் மேல் ஆசை இல்லை. பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை. ஊரில் இடமில்லை. பட்டணம் போகிறான். எப்படிப் போகிறான்? ரயிலில். படித்து அதிகாரியாகித் தன் ஊருக்கே திரும்பி வருகிறான்.

அந்த ரயிலை வர்ணிக்கும் பாட்டு மிகவும் பிரசித்தம். மேல்சாதி என்றும் கீழ்சாதி என்றும் பிரிந்து கிடந்தவர்களை ஒரே வண்டியில் ஏற்றி வைத்த புண்ணியம் ரயிலைச் சேரும் என்பது அதன் கருத்து. ரயில் உத்தியோகத்தில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பாட்டு மீது தனிப் பிரியம் உண்டு. முன்பதிவுப் படிவத்தில் பெயர் கேட்கிறோம், வயது கேட்கிறோம், ஆணா பெண்ணா என்று கேட்கிறோம். சாதிக்கு அதில் கட்டம் இல்லை. காசு கொடுத்தவனுக்கு இடம்.

ரயிலும் ஒரே நாளில் யோக்கியமாகி விடவில்லை. தென்னாட்டு ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்தது. கிளர்ச்சி நடந்து 1941-ல்தான் அது எடுபட்டது. கிருஷ்ணன் அந்தப் பாட்டைப் பாடியபோது, அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

நந்தன் கதையில் நெருப்பு மனிதனை எரிக்கிறது. கிந்தன் கதையில் நெருப்பு எஞ்சினில் எரிந்து மனிதனை ஊர் கொண்டு சேர்க்கிறது. கிருஷ்ணன் யாரையும் வைதாரா? இல்லை. நந்தனைக் கேலி செய்தாரா? அதுவும் இல்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின், தாம் இத்தனை நாள் அழுத கதையில் ஏதோ கோளாறு இருக்கிறதே என்று யோசித்தார்கள். மேடையேறி இரண்டு மணி நேரம் சாதி ஒழிப்புப் பேசினால் எழுந்து போகிறவனும் கிந்தனாருக்கு உட்கார்ந்திருந்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர்

கதைசொல்லிக்குச் சாமர்த்தியம் முடிவில் இருக்கிறது. இதற்கு இன்றும் பலர் சொல்லும் சம்பவம் ஒன்று. 1957 பொதுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா நின்றார். எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். அண்ணாவுக்குப் பிரசாரம் செய்ய வந்த கிருஷ்ணன், மேடையேறி டாக்டரைப் புகழ ஆரம்பித்தார். கைராசிக்காரர், ஏழைகளுக்கு இரங்குபவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் விழித்தது. கட்சிக்காரர்கள் நெளிந்தார்கள். கடைசியில், இப்பேர்ப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பி விட்டால் உங்களுக்கு வைத்தியம் யார் பார்ப்பது, ஆகையால் அவரை ஊரில் வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். எதிரியை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லாமல் ஓட்டுக் கேட்ட பிரசாரம். இன்றைய மேடைகளை நினைத்தால் பெருமூச்சு வருகிறது.

அதற்குள் உடல் நலம் கெட்டு விட்டது. 'மணமகள்' (1951), 'பணம்' (1952) படங்களை இயக்கினார். 1951-ல் சோவியத் ரஷ்யா சென்ற இந்தியத் திரைப்படக் குழுவில் இடம் பெற்றார். 'ராஜா ராணி' (1956) படத்தில் சிரிப்பின் வகைகளைப் பாடிச் சிரித்துக் காட்டினார். சம்பாதித்தது ஏராளம், கொடுத்தது அதைவிட ஏராளம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியறியாதவர், கடைசிக் காலத்தில் பணக் கஷ்டத்தில் இருந்தார். 1957 ஆகஸ்ட் 30-ந் தேதி சென்னையில் காலமானார். 49 வயது நிறையவில்லை.

சென்னை தியாகராய நகரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 1969 ஜனவரி 14-ந் தேதி அதைத் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் அண்ணா. நோயோடு வந்து கலந்துகொண்ட அந்த விழாவே அண்ணாவின் கடைசிப் பொது நிகழ்ச்சியாயிற்று. கலைவாணர் அரங்கம் என்ற பெயரும் சென்னையில் நிலைத்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் 2020, 2021-ம் ஆண்டுகளில் தமிழகச் சட்டசபையே அங்கேதான் கூடியது. நாலாம் வகுப்புப் படித்தவர் பெயர் கொண்ட மண்டபத்தில் நாட்டுக்குச் சட்டம் இயற்றினார்கள்.

நமக்கு எதற்கு இந்தக் கதை?

சென்னைக்கும் நமக்கும் கடல் வழி ஏறத்தாழ 1,200 கிலோ மீட்டர். கப்பலில் சுமார் மூன்று நாள். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியும், தண்டவாளம் மட்டும் இன்னும் வரவில்லை. கிந்தன் ஏறிய ரயிலைக் கண்ணால் காணாமலே வளர்கிற பிள்ளைகள் நம் தெருவில் உண்டு.

இத்தீவில் சாதி கிடையாது என்று நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. கைதிகளாக வந்தவர்கள் இங்கேயே மணம் முடித்து, சாதியும் மதமும் பாஷையும் கலந்து உண்டாக்கிய 'லோக்கல் பார்ன்' சமூகம் இந்த மண்ணின் பெருமை. வரிசையில் தண்ணீர் பிடிக்கும்போதும், கப்பல் டிக்கெட்டுக்கு நிற்கும்போதும் எவரும் எவரையும் குலம் கேட்பதில்லை. ஆனால் பிள்ளைக்குப் பெண் பார்க்கும் நேரம் வரட்டும். கப்பலேறி ஊருக்குப் போய், விட்டு வந்ததாகச் சொன்ன சாதியைத் தேடிப் பிடித்து விடுகிறோமா, இல்லையா? கிருஷ்ணன் இருந்திருந்தால் இதற்கே ஒரு காலட்சேபம் செய்திருப்பார். நாமும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் யோசித்திருப்போம்.

இரண்டாவது விஷயம் பாஷை. நம் பிள்ளைகள் தெருவில் இந்தி பேசுகிறார்கள், பள்ளியில் இந்தியும் இங்கிலீஷும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. பிழைப்புக்கு எது வேண்டுமோ அதைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் எழுத்து வராத பிள்ளைக்கும் காது உண்டு. கிருஷ்ணன் பேசியது எழுத்துத் தெரியாத ஜனங்களிடம்தான் என்பதை மறக்கக் கூடாது.

பொங்கல் விழா, கோயில் விழா என்று நாம் கூடுகிறோம். மெல்லிசைக் குழு வைக்கிறோம், சினிமாப் பாட்டுக்கு ஆடுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் அரை மணி நேரத்தைக் கதைக்கு ஒதுக்கினால் என்ன? ஒரு வில், ஒரு குடம், ஒரு உடுக்கு, ஒரு ஜோடி ஜால்ரா. பெரிய செலவு இல்லை. கதைக்கும் பஞ்சமில்லை. சிலோனிலிருந்து கச்சால் தீவுக்கு வந்த குடும்பங்களின் கதை இருக்கிறது. கூலி வேலைக்கு வந்து வீடு கட்டியவர்களின் கதை இருக்கிறது. 2004 சுனாமியில் எல்லாம் இழந்து மறுபடி எழுந்தவர்களின் கதை இருக்கிறது. இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல, இங்கே வாழ்ந்தவரைத் தவிர வேறு யார் வருவார்கள்?

சொல்ல ஒருவர் முன்வர வேண்டும், அவ்வளவே. 'ஆமா' போட நாம் இருக்கிறோம்.